சந்தை ஏன் அந்தத் தெருவில் மட்டும் கூடுகிறது?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அல்சூரில் ஒரு தெருவில் காய்கறிச் சந்தை நெரிகிறது, பக்கத்துத் தெரு அதைவிட அகலமாக இருந்தும் காலியாகக் கிடக்கிறது, இதற்குக் காரணம் தெருக்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் விதம்தான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு பெங்களூரின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. நான் இருபது வருடமாகக் கையில் வரைபடத்தோடு தெருத்தெருவாக அலைபவள், இதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள். அதனால் இந்த முறை முழுக்க இதே விஷயம்தான்.

கேள்வி: மேடம், முப்பது வருடமாக மல்லேஸ்வரத்தில் இருக்கிறோம். சம்பிகே ரோட்டிலிருந்து பிரியும் கிராஸ்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஆனால் எட்டாவது கிராஸில் மட்டும் கால் வைக்க இடமில்லை. கொஞ்சம் தள்ளிப் போனால் வீட்டு வாசலில் போட்ட கோலம் மதியம் வரை கலையாமல் இருக்கிறது. இங்கேதான் சந்தை என்று யார் முடிவு செய்தது?
– ஒரு இல்லத்தரசி, மல்லேஸ்வரம்

பதில்: உத்தரவு போட்டு உட்கார வைத்த சந்தை இல்லை அம்மா இது. அந்த வழியாக நடந்துபோகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, தங்களுக்கே தெரியாமல் முடிவு செய்தது.

மல்லேஸ்வரம் 1898இல் பிளேக் நோய் வந்து ஊரின் பழைய வியாபாரப் பகுதியான பேட்டையில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி, காற்றோட்டமாக வாழட்டும் என்று வளர்த்த, கோடு போட்டுப் பிரித்த பகுதி. பசவனகுடியும் அப்படித்தான். கோடு போட்டுப் பிரித்ததால் எல்லாத் தெருவும் சமம் என்று நமக்குத் தோன்றுகிறது, காகிதத்தில் பார்த்தால் சமமாகத்தான் இருக்கும். நடந்து பார்த்தால் சமமில்லை. பதினெட்டாவது கிராஸ் வரை போகிற ஒரு பகுதியில் எட்டாவது என்பது கிட்டத்தட்ட நடு. வடக்குக் கோடியில் இருப்பவருக்கும் தெற்குக் கோடியில் இருப்பவருக்கும் நடுத்தெரு ஒரே அளவு தூரம். ஒரு ஓரத்துக் கிராஸில் சந்தை வைத்தால் பாதிப் பேருக்கு அது தூரமாகிவிடும்.

இன்னொன்று, அதுதான் முக்கியமானது. உங்கள் பகுதியில் ஏதாவது இரண்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெருவில் நிற்கும் ஒருவரைக் கேளுங்கள். "நேரா போங்க, அந்தக் கோயில்கிட்ட திரும்புங்க, ரெண்டாவது கிராஸ்" என்று சொல்வார். இப்படி நூறு ஜோடி வீடுகளுக்கு நூறு பேரிடம் வழி கேட்டு எழுதி வைத்தால், சில தெருக்களின் பெயர் திரும்பத் திரும்ப வரும், சில தெருக்களின் பெயர் வரவே வராது. அதிகம் வரும் பெயர் எதுவோ அங்கேதான் சந்தை இருக்கும், அல்லது அதற்கு ஒரு திருப்பம் தள்ளி இருக்கும். லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் பில் ஹில்லியர் என்ற பேராசிரியரும் அவரோடு இருந்தவர்களும் 1970களின் கடைசியிலிருந்து இதை ஒரு தனிப் படிப்பாகவே வளர்த்தார்கள், ஸ்பேஸ் சின்டாக்ஸ் என்று அதற்குப் பெயர். அவர்கள் சொன்னதன் சாரம் இதுதான்: மனிதர்கள் நடக்கும்போது எத்தனை அடி தூரம் என்பதைவிட எத்தனை முறை திரும்ப வேண்டும் என்பதைத்தான் மனதுக்குள் எண்ணுகிறார்கள், தெருக்கள் பின்னிக்கிடக்கும் விதமே சில தெருக்களுக்கு ஆட்களைக் கூடுதலாகக் கொண்டுவருகிறது, ஆள் வரும் தெருவுக்குக் கடை வருகிறது, கடை வந்ததால் இன்னும் ஆள் வருகிறது. கடை வந்த பிறகுதான் கூட்டம் வந்தது என்று நாம் நினைக்கிறோம், பல இடங்களில் வரிசை தலைகீழ்.

மல்லேஸ்வரத்தில் இதோடு ஒன்று சேர்ந்துகொண்டது. சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் பக்கத்துப் பக்கத்தில் போகின்றன, இரண்டும் ஒருவழிப் பாதைகள். ஒன்றில் பஸ் ஏறிப் போகிறவர் மற்றொன்றில் வந்து இறங்குகிறார். அப்படியென்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள கிராஸை அவர் தினமும் நடந்தே கடக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் கையில் பையோடு, சாயந்திரம், சமையலுக்கு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டே. காய்கறி விற்பவருக்கு இதைவிட நல்ல மனநிலையில் இருக்கும் ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

அடுத்த முறை அங்கே போகும்போது கீரை விற்கும் அம்மா ஒருவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நான் பார்த்த ஒருவர் காலையில் ஈரச் சாக்கை நாலாக மடித்து விரிப்பார், தண்டுக்கீரையும் வெந்தயக்கீரையும் வேர்ப்பக்கம் தன்னைப் பார்க்க, இலைப்பக்கம் தெருவைப் பார்க்க அடுக்குவார், ஒரு தகர டப்பாவிலிருந்து கையால் தண்ணீர் தெளிப்பார். அவர் உட்காரும் இடம் தெருமுனையிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே. ஏன் முனையிலேயே உட்காரவில்லை என்று கேட்டேன். முனையில் ஜனங்கள் வண்டியைப் பார்ப்பார்களாம், கீரையைப் பார்க்க மாட்டார்களாம். திரும்பி உள்ளே நாலு எட்டு வைத்த பிறகுதான் அவர்கள் கண் கீழே இறங்குமாம். நிழலையும் அவர் கணக்கில் வைத்திருந்தார். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் தெற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல்தான் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் நடைபாதையில் விழும், கீரை வாடாமல் இருக்க அந்தப் பக்கம்தான் வேண்டும். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் சாக்கின் மேல் உட்கார்ந்தே தெரிந்துகொண்டிருந்தார்.

கேள்வி: கூட்டம்தான் சந்தைக்குக் காரணம் என்றால், பெரிய மெயின் ரோடுகளில்தானே கூட்டம் அதிகம்? அங்கே ஏன் சந்தை கூடுவதில்லை?
– கல்லூரி மாணவர், பிரேசர் டவுன்

பதில்: தம்பி, அது வண்டிக் கூட்டம். வேகமாகப் போகும் வண்டியில் இருப்பவருக்குக் கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்க முடியாது. சந்தைக்கு வேண்டியது நடக்கிற கால். ஆனால் அந்தக் கால் எங்கிருந்தோ வந்து இறங்கவும் வேண்டும், அதற்கு மெயின் ரோடும் பஸ்ஸும் வேண்டும். அதனால் சந்தை பெரிய ரோட்டுக்கு மிக அருகில், ஆனால் ஒரு திருப்பம் உள்ளே என்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காமராஜ் ரோட்டிலிருந்து திரும்பினால் கமர்ஷியல் ஸ்ட்ரீட். சிவாஜி நகர் பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ரஸ்ஸல் மார்க்கெட், அதைச் சுற்றிய சந்துகள். பெரிய ரோடு ஆறு மாதிரி ஆட்களைக் கொண்டுவந்து தள்ளுகிறது, பக்கத்துத் தெரு வாய்க்கால் மாதிரி அவர்களை வாங்கி மெதுவாக நடக்க வைக்கிறது. நாற்று நடுவது வாய்க்கால் பாயும் வயலில்தான், ஆற்றுக்குள் யாரும் நட மாட்டார்கள்.

கேள்வி: ஐயா/அம்மா, சிட்டி மார்க்கெட் பக்கம் போனாலே மூச்சு முட்டுகிறது. இவ்வளவு குறுகலான இடத்தில், எல்லா ரோடும் வந்து முட்டும் இடத்தில் யார் மார்க்கெட் கட்டச் சொன்னார்கள்? ஊருக்கு வெளியே விசாலமாக வைத்திருக்கலாமே?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், ஸ்ரீராமபுரம்

பதில்: எல்லா ரோடும் வந்து முட்டுவதால்தான் ஐயா அது மார்க்கெட் ஆனது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் நம் சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் இரண்டு பகுதி, கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். வணிகரும் கைவினைஞரும் மீனவரும் மருவூரில், அரசனும் பெருங்குடிகளும் பட்டினத்தில். நாளங்காடி, அதாவது பகல் சந்தை, எங்கே இருந்தது? இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைநிலத்தில், நெருங்கிய மரங்கள் நிற்கும் சோலையில், மரங்களையே கடைக்குக் காலாக வைத்துக்கொண்டு, வாங்குவோர் சத்தமும் விற்போர் சத்தமும் ஓயாமல் நடந்தது என்று இந்திரவிழவூரெடுத்த காதை சொல்கிறது. நான் படித்த நகரமைப்புப் பாடங்களில் சந்தையின் இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வரி எனக்குத் தென்பட்டதில்லை. இடைநிலம் என்ற அந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பெங்களூருக்குத் திரும்புவோம்.

1537இல் கெம்பே கவுடா ஊரை அமைத்தபோது தொட்டபேட்டையும் சிக்பேட்டையும் குறுக்கே வெட்டும் இடத்திலிருந்து நாலு திசைக்கும் ஏர் பூட்டி மாட்டை ஓட்டினார், மாடு போன வழியே தெருவானது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. தொட்டபேட்டைதான் இன்றைய அவென்யூ ரோடு. இந்தக் குறுக்கு வெட்டைச் சுற்றித்தான் அரிசிக்கு அக்கிப்பேட்டை, பஞ்சுக்கு அரளேப்பேட்டை, வளையலுக்கு பளேப்பேட்டை, தானியத்துக்குத் தரகுப்பேட்டை, குயவர்களுக்குக் கும்பாரப்பேட்டை என்று தெருத்தெருவாகத் தொழில் உட்கார்ந்தது. ஊரைச் சுற்றியிருந்த மதிலின் வாசல்களுக்கு, அந்த வழி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் பெயர்: அல்சூர் வாசல், எலகங்கா வாசல், ஆனேக்கல் வாசல். இன்றைக்கும் அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன் அல்சூரில் இல்லை, பேட்டைப் பக்கம்தான் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அந்தப் பெயரில் ஒரு பழைய வாசல் ஒளிந்திருக்கிறது.

பேட்டைக்குத் தெற்கே கோட்டை. மண் கோட்டையாக இருந்ததை 1761இல் ஹைதர் அலி கல் கோட்டையாக்கினார். பேட்டைக்கும் கோட்டைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம், சித்திகட்டே என்ற குளம் இருந்த இடம். 1791இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை முதலில் அல்சூர் வாசல் வழியாகப் பேட்டையைப் பிடித்தது, இரண்டு வாரம் கழித்துத்தான் கோட்டையைப் பிடித்தது. அந்த இரண்டு வாரமும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கிடந்தது இந்த வெளிதான். அதே நடுவெளியில்தான் 1928இல், நீங்கள் சிட்டி மார்க்கெட் என்று சொல்லும் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் எழும்பியது. வியாபாரிகளின் பேட்டை ஒரு பக்கம், அதிகாரத்தின் கோட்டை மறுபக்கம், நடுவில் சந்தை. மருவூருக்கும் பட்டினத்துக்கும் நடுவில் நாளங்காடி போல. திட்டம் போட்டவர்கள் சிலப்பதிகாரம் படித்துவிட்டு வந்திருக்க மாட்டார்கள், இரண்டு ஊர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கால்கள் நடுவில்தான் சந்திக்கும், அவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த இடத்தில் நின்று பாருங்கள். வடக்கிலிருந்து அவென்யூ ரோடு வந்து முடிகிறது, மைசூர் ரோடு மேற்கிலிருந்து வருகிறது, கே.ஆர். ரோடு தெற்கே போகிறது, எஸ்.ஜே.பி. ரோடு கிழக்கே போகிறது, பக்கத்திலேயே கலாசிபாளையம், அங்கே ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வரும் பஸ்கள். தலைக்கு மேலே மேம்பாலம் ஒன்று வந்தது, வண்டிகளை டவுன் ஹால் பக்கத்திலிருந்து மைசூர் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. வண்டியைத் தூக்கியது, காலைத் தூக்கவில்லை. 2017இல் மெட்ரோ நிலையமும் வந்துவிட்டது, நிலையத்திலிருந்து வெளியே வரும் ஆட்களைப் பார்த்துப் பூக்கூடைகளும் எலுமிச்சம்பழக் கூறுகளும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டன.

விடியற்காலையில் ஒரு தடவை அங்கே போங்கள் ஐயா, மூச்சு முட்டாது. சேவந்தி மூட்டை மூட்டையாக இறங்கும், கனகாம்பரம் ஈரத்துணியில் சுற்றி வரும், மல்லியை முழம் போடுகிறவர்கள் வருவதற்குள் மொத்த வியாபாரம் பாதி முடிந்துவிடும். கன்னடத்தில் விலை சொல்லி, தமிழில் பேரம் பேசி, உருதுவில் சிரித்துப் பேசி மூட்டையைத் தூக்கி விடுவார்கள். பூ ஒரு நாள் சரக்கு. ராத்திரி வயலில் பறித்தது காலையில் ஊர் முழுக்கக் கோயில் வாசலுக்கும் தெருமுனைக்கும் போய்ச் சேர வேண்டும். எல்லா ரோடும் முட்டும் இடத்தைத் தவிர வேறு எங்கே வைத்தாலும் அந்தப் பூ யாருக்காவது வாடித்தான் கிடைக்கும். வெங்காயமும் தானியமும் வாடாது, அவை லாரியில் வருகிறவை, அதனால் அவற்றின் மொத்த மண்டி யஷ்வந்த்பூர் பக்கம் போனது நியாயம். எந்தச் சரக்கு எவ்வளவு சீக்கிரம் கெடும், எத்தனை கை மாறும் என்று பார்த்துத்தான் எதை வெளியே அனுப்பலாம், எதை நடுவில் விட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். நெரிசலை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

கேள்வி: சர்ஜாபூர் ரோடு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். ஆனால் நம்ம ஊர் மாதிரி ஒரு காய்கறித் தெரு கூட இல்லை. ஆள் இருந்தும் சந்தை இல்லையே, ஏன்?
– மென்பொருள் ஊழியர், பெல்லந்தூர்

பதில்: ஆள் இருந்தால் போதாது, அவர்கள் ஒருவர் வழியில் ஒருவர் வர வேண்டும். உங்கள் பகுதியின் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பெரிய ரோடு, அதிலிருந்து ஒரு கிளை, கிளையின் நுனியில் மதில் சுவர், மதிலுக்குள் உங்கள் குடியிருப்பு. அடுத்த குடியிருப்புக்கு அடுத்த கிளை. பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து, வண்டியில் சுற்றி, இன்னொரு கேட்டில் கையெழுத்துப் போட்டு நுழைய வேண்டும். மரத்தின் கிளைகளில் ஒரு நுனியிலிருந்து இன்னொரு நுனிக்குப் போக அடிமரத்துக்கு வந்தே ஆக வேண்டும் இல்லையா, அப்படி. பழைய ஊர்த்தெருக்கள் வலை மாதிரி, எங்கிருந்தும் எங்கும் போகலாம், அந்தப் போக்கில் சில கண்ணிகளில் ஆள் சேருவார்கள். முட்டுத்தெருவில் யாரும் "போகிற வழியில்" இருப்பதில்லை, அங்கே போகிறவர் அங்கேயேதான் போகிறார்.

அதனால்தான் உங்களிடம் சந்தைக்குப் பதிலாக கேட்டுக்கு வரும் தள்ளுவண்டியும், சாயந்திரம் நிற்கும் காய்கறி வேனும். நீங்கள் அந்தப் பக்கத்தில் பழைய கிராமத்துத் தெரு எதுவாவது மிச்சம் இருந்தால் போய்ப் பாருங்கள், கோயிலையும் ஏரியையும் சேர்க்கும் தெரு, நாலு பக்கமும் திறந்திருக்கும். அங்கே நிச்சயம் நாலு சாக்காவது விரித்திருப்பார்கள். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேசி, பின்பக்கச் சுவரில் நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வாசல் திறக்க முடியுமா என்று பாருங்கள். பாதுகாப்புக்கு ஆள் போடுவது பெரிய விஷயமில்லை. அந்த வாசலுக்கு வெளியே கீரைக் கூடையோடு ஒரு அம்மா வந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

கேள்வி: உங்கள் அனுதாபம் எல்லாம் வியாபாரிகளுக்கே. எங்கள் தெருவில் நடைபாதை முழுக்கக் கடை, என் வயதான தாயார் ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். தனியாகக் கட்டடம் கட்டி எல்லோரையும் அங்கே அனுப்புவதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், ஜெயநகர்

பதில்: உங்கள் தாயார் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருப்பது தவறு, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நடக்கிறவர் இல்லையென்றால் சந்தையே இல்லை, நடக்கிறவரையே தள்ளிவிட்டால் அது தன் வேரில் தானே வெந்நீர் ஊற்றுவது. ஆறடி நடைபாதையில் நாலடி நடக்க விட்டே ஆக வேண்டும், அதை வியாபாரிகளிடம் நான் நேரிலேயே சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கட்டடம் கட்டி அனுப்புவது என்ற யோசனையின் வலியை நான் வீட்டிலேயே பார்த்தவள். என் ஆயா, அதாவது பாட்டி, சிவாஜி நகர் பக்கம் ஒரு பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பூ விற்றார். நான் பள்ளிவிட்டு வந்து கூடையின் ஓரத்தில் உட்கார்ந்து நார் கிழித்துக் கொடுப்பேன். ஒரு நாள் ஒரு அலுவலகத்திலிருந்து வந்து எல்லோருக்கும் எண் போட்ட சீட்டு கொடுத்தார்கள், பின்பக்கத்தில் ஷெட் போட்டிருக்கிறோம், வெயில் மழை கிடையாது, இனி அங்கே போங்கள் என்றார்கள். தூரம் என்று பார்த்தால் ஒரு கூப்பிடு தூரம்தான், நூற்றைம்பது எட்டு இருக்கும். ஆனால் இரண்டு திருப்பம். ஆயாவுக்கு ஷெட் பிடித்திருந்தது, முதல் முறையாகத் தலைக்கு மேல் கூரை. முதல் நாள் மத்தியானம் வரை போணி ஆகவில்லை. பூ வாங்குகிறவர் பூ வாங்குவதற்கென்று வீட்டிலிருந்து கிளம்புவதில்லை, பஸ் வருவதற்குள் கண்ணில் பட்டால் ஒரு முழம் வாங்குவார். இரண்டு திருப்பம் தாண்டி அவர் ஏன் வரப்போகிறார்? பத்து நாள் கழித்து மிஞ்சிய பூவை எல்லாம் பக்கத்துக் கோயிலில் கொடுத்துவிட்டு வந்தார், கடன்காரருக்குத் தண்டல் கட்ட முடியவில்லை. பதினோராவது நாள் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தார், விரட்டினார்கள், மறுபடி போய் உட்கார்ந்தார். சட்டத்தை மீற வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை. நான் பிறகு வரைபடம் படிக்கப் போனதற்குக் காரணமே அந்த இரண்டு திருப்பம்தான்.

சட்டமும் இதை இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1989இலேயே சோதன் சிங் வழக்கில், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும், ஆனால் முறைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் தெரு வியாபாரிகளுக்கான சட்டமே வந்தது. அதில் இயற்கைச் சந்தை என்று ஒரு வகையே உண்டு, வாங்குவோரும் விற்போரும் காலங்காலமாகத் தாங்களாகக் கூடும் இடம் என்று பொருள். ஐம்பது வருடத்துக்கு மேல் நடக்கும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது. இடமாற்றத்தை முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊர் தோறும் ஒரு வியாபாரக் குழு, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஜனத்தொகையில் 2.5 சதவீதம் பேர் வரை தெருவில் வியாபாரம் செய்ய இடம் ஒதுக்கும் வகையில் திட்டம் போட வேண்டும். இவ்வளவும் காகிதத்தில் இருக்கிறது.

உங்கள் தெருவுக்கு நான் சொல்வது: கடைகளை அதே தெருவிலேயே வைத்துக்கொண்டு, நிறுத்தியிருக்கும் கார்களின் இடத்தைக் கேளுங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு தள்ளுவண்டி வசதியாக நிற்கும். நடைபாதை உங்கள் தாயாருக்குத் திரும்பக் கிடைக்கும், வியாபாரிக்கு அவர் தெரு கிடைக்கும். வார்டு அலுவலகத்தில் நீங்களும் வியாபாரிகளும் சேர்ந்து போய்க் கேட்டால் அதற்குத் தனி மரியாதை இருக்கும், தனித்தனியாகப் போனால் இரண்டு மனுவும் ஒரே மேஜையில் தூங்கும்.

கேள்வி: ஒரே தெருவில் பத்து பேர் தக்காளி விற்கிறார்களே, போட்டியில் நஷ்டம் வராதா?
– வாசகி, மர்பி டவுன்

பதில்: பத்து பேர் இருப்பதால்தான் நீங்கள் அந்தத் தெருவுக்குப் போகிறீர்கள், ஒருவர் மட்டும் இருந்தால் வீட்டு முனைக் கடையிலேயே வாங்கிவிடுவீர்கள். விலையை ஒப்பிடலாம், பழுத்தது காய் என்று பொறுக்கலாம் என்ற நம்பிக்கை தரும் தெருவுக்குத்தான் ஜனம் வருகிறது, வந்த ஜனத்தைப் பத்து பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். ஊரில் வாரச் சந்தை உண்டு. பெங்களூரில் ஏன் அப்படி இல்லை?
– கட்டடத் தொழிலாளி, ஈஜிபுரா

பதில்: வாரச் சந்தை என்பது, ஒரு ஊரில் தினமும் கடை போட்டால் ஓடாது, ஏழு ஊருக்கு ஏழு நாள் போனால் ஓடும் என்ற கணக்கு. ஜனம் நெருக்கமாக இருக்கும் நகரத்தில் தினமும் வாங்க ஆள் இருப்பதால் கடை நிலைத்துவிடுகிறது. ஆனாலும் முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சிக்பேட்டைப் பக்கம், பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள், பெரிய கடைகள் கதவைச் சாத்தியிருக்கும், மூடிய ஷட்டருக்கு முன்னால் வேறொரு சந்தை விரிந்திருக்கும். தெரு அதே தெரு, ஆள் நடக்கும் பழக்கம் அதே பழக்கம், சொந்தக்காரர் மட்டும் ஒரு நாளைக்கு மாறுகிறார். தில்லியில் கரோல் பாக்கில் திங்கட்கிழமை இப்படித்தான், கடைகளுக்கு விடுமுறை, தெரு வியாபாரிகளுக்குத் திருவிழா. அங்கே சோம் பஜார், புத் பஜார் என்று கிழமையின் பெயரிலேயே பகுதிக்குப் பகுதி சந்தை சுற்றி வரும், நம்ம ஊர் மாதிரியே.

கேள்வி: அக்கா, வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று இருக்கிறேன், ஒரு மேஜை போடும் அளவுக்குத்தான் இடம் வேண்டும். எங்கே போடுவது?
– விவேக் நகர் வாசகி

பதில்: முதலில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் இருக்கும் மூன்று நான்கு முனைகளில் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் நின்று, நடந்து போகிறவர்களுக்கு மட்டும் கோடு போடுங்கள், ஸ்கூட்டருக்குப் போடாதீர்கள். காலை எட்டு மணிக்கு ஒரு தரம், சாயந்திரம் ஆறரைக்கு ஒரு தரம், ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. மாவு சாயந்திரச் சரக்கு, அதனால் சாயந்திரக் கோடுகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். அப்புறம், எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம் நடப்பார்கள், சாயந்திரம் பஸ் இறங்கி வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் எதிர்ப்பக்கம். டிபன் விற்பவருக்கு முதல் பக்கம், உங்களுக்குத் திரும்பும் பக்கம். ரோட்டைத் தாண்டி வந்து யாரும் மாவு வாங்க மாட்டார்கள்.

முனையிலேயே போடாதீர்கள், ஏழெட்டு அடி உள்ளே போடுங்கள். பூக்காரர், பழக்காரர் யாராவது ஏற்கெனவே அங்கே இருந்தால் பயப்படாமல் பக்கத்தில் போங்கள், ஆனால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், அவர் வழியை மறைக்காமல் மேஜையைத் திருப்பிப் போடுங்கள். எண்ணிய கோடுகளை எனக்கு எழுதி அனுப்புங்கள். எந்த முனை என்று சேர்ந்தே பார்த்து முடிவு செய்வோம்.